பாட்டின் நீளம் யார் கையில்? வெள்ளக்கடையின் இளம் கலைஞருக்கு

ஒரு பாட்டு எங்கே முடிய வேண்டும் என்பதை அதை விற்கும் கருவி முடிவு செய்வது இந்தியாவில் 1902-இல் தொடங்கியது. அந்த ஆண்டு கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். மணிக்கணக்கில் விரியும் ராகம் அதற்குள் ஒடுங்க வேண்டியிருந்தது. பாட்டின் முடிவில் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லிவைத்தார். தட்டு ஜெர்மனியில் அச்சாயிற்று. யார் பாட்டு என்று அங்கே அடையாளம் காண அது உதவியது. சேலம் கோதாவரி என்ற பாடகியும் அந்தத் தொடக்கக் காலத் தட்டுகளில் பாடியவரே.

1930-களில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற திரைப்பட நிறுவனம் சேர்வராயன் மலையடிவாரத்தில், ஏற்காடு சாலையில் எழுந்தது. சினிமாப் பாட்டும் அதே 3 நிமிடத் தட்டில்தான் கடைக்கு வந்தது. தட்டு ஒழிந்த பிறகும் அந்த நீளம் கேட்பவர் காதில் தங்கிவிட்டது.

1980-களின் காசெட் வேறு ரகம். பதிவதும் பிரதி எடுப்பதும் மலிவானதால் ஊர்க் கோயில் பாட்டும் நாட்டுப்புறப் பாட்டும் பெரிய கம்பெனியின் தயவின்றிச் சந்தைக்கு வந்தன. திருட்டுப் பிரதியும் கூடவே பெருகியது. ஆனாலும் சிறிய கலைஞருக்குக் கதவு ஓரளவேனும் திறந்திருந்தது அப்போதுதான்.

இன்று கதவு எல்லோருக்கும் திறந்தது போலத் தெரிகிறது. ஏற்காடு மலையின் வெள்ளக்கடையில் கைப்பேசியில் பதிந்த பாட்டு அன்றே உலகெங்கும் கேட்கக் கிடைக்கலாம். கணக்கு மட்டும் வேறிடத்தில் நடக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பாக எண்ணப்படும். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 கேட்பு எட்டாத பாட்டுக்குப் பங்கே இல்லை. 3 நிமிடப் பாட்டும் 30 நிமிட ஆலாபனையும் அங்கே தலைக்கு ஒரு கேட்புதான். முன்னிசை சுருங்குவதும் பல்லவி முதல் விநாடியிலேயே பாய்வதும் இந்தக் கணக்கின் விளைவு. அதை ரசனை மாற்றம் என்று சொல்வது பாதி உண்மை.

ஆட்டத்துக்குப் பாடும் பாட்டு இந்தக் கணக்குக்கு அடங்காது; ஆட்டம் ஓயும்வரை அது போகும். அதை அந்த நீளத்திலேயே கற்று, முழுதாக ஒருமுறை பதிந்துவைத்த பிறகே துண்டாக்குவது நல்லது. துண்டிலிருந்து முழுப்பாட்டை மீட்க முடியாது.

பாட்டை விற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தைப் படிக்க வேண்டும். சினிமாப் பாட்டின் கவிஞரும் இசையமைப்பாளரும், திரையரங்குக்கு வெளியே அது ஈட்டும் ராயல்டியில் தமக்குள்ள சமபங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, எழுதிக்கொடுத்தாலும் செல்லாது.