கூட்டுவதற்கு முன்

அன்புள்ள மகளே,

வரும் ஆண்டு தொடக்கநிலை 6-க்கு நீதான் வகுப்பாசிரியை என்று உன் அம்மா சொன்னதும் மனம் நிறைந்துவிட்டது. பாடம் நடத்துவது பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் எண்களைப் பெற்றோருக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தாயே, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

உன் எதிரே வந்து உட்காரும் பெற்றோர் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். இங்கே சிங்கப்பூரிலேயே படித்து வளர்ந்தவர்களுக்கு டி-ஸ்கோர் இன்னும் நினைவில் நிற்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் எடுத்த மதிப்பெண்ணை அந்த ஆண்டு தேர்வு எழுதிய எல்லாப் பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டு, நான்கு பாடங்களையும் சேர்த்து 230, 250 என்று சொன்ன காலம் அது. பெரிய எண் வந்தால் கொண்டாட்டம். 2021-இல் அது போய் ஏஎல் என்ற அடைவுநிலை முறை வந்தது. இப்போது பாடத்துக்கு 1 முதல் 8 வரை; நான்கையும் கூட்டினால் 4 முதல் 32 வரை. சின்ன எண்தான் மேல். அக்காவுக்கு 241, தம்பிக்கு 13 என்றால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவே முடியாது. ஆனாலும் பார்ப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் நூற்றுக்கு எத்தனை, வகுப்பில் எத்தனையாவது என்று கேட்பார்கள். வகுப்பில் எத்தனையாவது என்பதை 2019-லிருந்து மதிப்பீட்டுப் புத்தகத்தில் போடுவதே இல்லை. இவர்கள் யாரையும் தெரியாதவர்களாக நினைத்துவிடாதே. தாங்கள் படித்த காலத்துக் கணக்கை அவர்கள் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒப்பீடு இப்போது இல்லை, பிள்ளை எந்த அளவுக்குக் கற்றிருக்கிறான் என்பதை மட்டுமே ஏஎல் சொல்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொல்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது ஒன்றுதான். கூட்டுத்தொகையைப் பேசுவதற்கு முன் நான்கு எண்களையும் தனித்தனியாகப் பேசு.

ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் 2, கணிதம் 5, அறிவியல் 5, தமிழ் 2. கூட்டினால் 14. இன்னொரு பிள்ளைக்கு ஆங்கிலம் 5, கணிதம் 2, அறிவியல் 2, தமிழ் 5. அதுவும் 14. உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கையில் இருவரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். உன் வகுப்பறையில் இருவரும் ஒரே பிள்ளையா? முதல் பிள்ளை கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூலையில் உட்காரும். பின்னம் என்றாலே தயங்கும். இரண்டாவது பிள்ளை கணக்கைச் சட்டென்று போட்டுவிடும். எப்படிப் போட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்கும். வீட்டில் இந்த இருவருக்கும் வேண்டிய உதவி வேறு வேறு. கூட்டுத்தொகை பள்ளியில் இடம் ஒதுக்குவதற்காக உண்டானது; பிள்ளையைப் புரிந்துகொள்ள அது போதாது. பெற்றோருக்கு இது ஒருமுறை விளங்கிவிட்டால், பேச்சு "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு" என்பதிலிருந்து தங்கள் பிள்ளையின் பக்கம் தானாகத் திரும்பும்.

அடுத்தது ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் இருக்கும் மதிப்பெண் வரம்பு. இதில்தான் பெற்றோருக்கு அதிகக் குழப்பம், அதிக வேதனையும். 90-உம் அதற்கு மேலும் ஏஎல் 1. 85 முதல் 89 வரை 2, 80 முதல் 84 வரை 3, 75 முதல் 79 வரை 4. இதுவரை ஐந்தைந்து மதிப்பெண். பிறகு அகலமாகிறது: 65 முதல் 74 வரை 5, 45 முதல் 64 வரை 6, 20 முதல் 44 வரை 7, அதற்குக் கீழே 8. மேலே குறுகலான படிகள், கீழே அகலமான படிகள் உள்ள மாடிப்படி என்று வைத்துக்கொள். அகலமான படியில் பிள்ளை நான்கு எட்டு நடந்தாலும் உயரம் கூடியதாகத் தெரியாது. ஆண்டுத் தொடக்கத்தில் 46 எடுத்த பிள்ளை பாடுபட்டு 63-க்கு வந்திருப்பான். அப்போதும் 6, இப்போதும் 6. "ஆறு மாசம் டியூஷன் அனுப்பியும் அப்படியே இருக்கிறான்" என்று அப்பா சொல்வார், பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வார். அவன் முகம் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில் நீ பேசியாக வேண்டும். பள்ளித் தேர்வின் விடைத்தாள் உன் கையில் இருக்கிறது. அதைப் பிரித்துப் போன தடவை எங்கே விட்டான், இந்தத் தடவை எங்கே எழுதியிருக்கிறான் என்று அந்த அப்பாவிடம் விரல் வைத்துக் காட்டு. நவம்பர் மாதக் கடைசியில் வரும் பிஎஸ்எல்இ முடிவுத்தாளில் மதிப்பெண் இருக்காது, ஏஎல் மட்டுமே இருக்கும். ஆகவே பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று சாட்சி சொல்ல உன்னைவிட்டால் ஆள் இல்லை.

மேல்படியில் வேறு விதமான துன்பம். 89-க்கும் 90-க்கும் நடுவே ஒரே ஒரு மதிப்பெண். ஒரு வினாவைச் சரியாகப் படிக்காததாலோ, அன்று காய்ச்சலாக இருந்ததாலோ போகக்கூடிய மதிப்பெண். அந்த இரு பிள்ளைகளின் அறிவிலும் வேறுபாடு இருப்பதாக நான் நம்பவில்லை, நீயும் நம்பாதே. எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை நிற்கத்தான் செய்யும். 1-க்குப் பதில் 2 வந்துவிட்டதே என்று அழும் தாயிடம் புள்ளிவிவரம் பேசாதே. கோட்டைப் பற்றிய இந்த ஒன்றை மட்டும் அமைதியாகச் சொல்.

எளிய பாடத்திட்டமான அடிப்படைநிலையில் பாடம் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. அவர்களுக்கு ஏ, பி, சி என்று வரும். கூட்டும்போது ஏ என்பது 6 ஆகவும், பி 7 ஆகவும், சி 8 ஆகவும் எடுத்துக்கொள்ளப்படும். முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஏ வாங்கிய மகிழ்ச்சியில் இருப்பவர்களுக்கு அந்த 6 ஓர் அடியாக விழும்.

இனி உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கை. கூட்டுத்தொகை 20 வரை இருந்தால் மூன்றாம் சேர்க்கைப் பிரிவு, 23, 24 இரண்டாம் பிரிவு, 26 முதல் 30 வரை முதல் பிரிவு. 21, 22 எடுத்தவர்கள் இரண்டு அல்லது மூன்றையும், 25 எடுத்தவர்கள் ஒன்று அல்லது இரண்டையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பழைய விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளைப் பெற்றோர் இதன்மேல் அப்படியே ஒட்டிப் பார்ப்பார்கள். 2024-இல் உயர்நிலை 1-க்குச் சென்ற பிள்ளைகளிலிருந்து அந்த வழித்தடங்கள் எடுக்கப்பட்டுவிட்டன. எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் கலந்து உட்காருகிறார்கள். பாடங்களை ஜி1, ஜி2, எல்லாவற்றிலும் கடினமான ஜி3 என்று அவரவர் திறனுக்கேற்ற நிலையில் படிக்கிறார்கள். தனி எண்களைப் பார்க்கச் சொன்னதன் பயன் இங்கே தெரியும். ஆங்கிலம் 7, கணிதம் 5, அறிவியல் 6, தமிழ் 6 என்றால் கூட்டுத்தொகை 24, இரண்டாம் பிரிவு. ஆனால் கணிதத்தில் 5 இருப்பதால் அந்தப் பிள்ளை உயர்நிலை 1-லேயே கணிதத்தை ஜி3 நிலையில் எடுக்கலாம். 24 என்ற எண்ணைப் பார்த்துக் கலங்கி உட்கார்ந்துவிட்ட பெற்றோர் இதைக் கேட்காமலே போய்விடக்கூடும். நீ தேடிப் போய்ச் சொல்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழாசிரியையாகவே காலத்தைக் கழித்தவள் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி. "தமிழ்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று கணிதத்துக்கும் அறிவியலுக்கும் மட்டும் டியூஷன் வைக்கும் வீடுகள் பல. தமிழின் ஏஎல்லும் கணிதத்தின் ஏஎல்லும் கூட்டலில் ஒரே எடை. அதோடு, தமிழ்த் தேர்வில் வாய்மொழியும் கேட்டலும் சேர்ந்து 35 விழுக்காடு. அதற்கு வேண்டிய பயிற்சியில் பெரும்பகுதி காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பாவும் அம்மாவும் பிள்ளையோடு தமிழில் பேசினால், பார்த்த ஒரு காட்சியைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லச் சொன்னால், அதுவே பயிற்சி. வீட்டில் பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. எண்ணைக் காட்டி அச்சமூட்டாமல் அதே எண்ணைக் கொண்டு ஒரு வீட்டில் தமிழ்ப் பேச்சைத் தொடங்கிவைக்க முடியும் என்றால், நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

பள்ளித் தெரிவில் இரண்டு செய்திகள் போதும். பள்ளிகளுக்குப் போடப்படும் புள்ளிகள் முந்திய ஆண்டில் அங்கே சேர்ந்தவர்களின் எண்கள். யாரும் முன்கூட்டியே நிர்ணயித்தவை அல்ல, ஆண்டுக்கு ஆண்டு நகரும். இன்னொன்று, கடைசி இடத்துக்கு ஒரே எண்ணோடு இருவர் நின்றால் முதலில் குடியுரிமை, அடுத்து விருப்ப வரிசை, அதன்பிறகே கணினிக் குலுக்கல். ஆறு பள்ளிகளை எழுதும்போது வரிசைக்கு மதிப்பு உண்டு. பிள்ளை தினமும் எவ்வளவு நேரம் பேருந்தில் போகவேண்டும், அவனுக்குப் பிடித்த இணைப்பாட நடவடிக்கை அங்கே இருக்கிறதா என்பதையும் அந்த வரிசையில் சேர்க்கச் சொல்.

இவற்றையெல்லாம் முடிவு நாளன்று சொல்லலாம் என்று வைத்திருக்காதே. அன்று மண்டபத்தில் அழுகையும் சிரிப்பும் கைபேசிப் படங்களுமாக இருக்கும். யார் காதிலும் ஏறாது. ஆண்டின் முதல் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பிலேயே தொடங்கு. பிள்ளையையும் கூடவே உட்கார வை. நீ பேசத் தொடங்கும் முன், "இந்த எண் என்ன சொல்கிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று பெற்றோரிடம் கேள். அவர்கள் சொல்லும் பதிலிலேயே எங்கே தொடங்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்துவிடும். தமிழில் பேச விரும்புபவர்களிடம் தமிழிலேயே பேசு. கல்வி அமைச்சின் சொற்களை அடுக்காதே.

ஏஎல் மதிப்பெண் வரம்புகளையும் சேர்க்கைப் பிரிவுகளையும் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பெற்றோர் வீட்டுக்கு எடுத்துப்போகும்படி வைத்துக்கொள். முதல் வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்பு. பெரியப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். டி-ஸ்கோர் காலத்து மனிதர் அவர். அவருக்கு விளங்காத வரியைத் திருத்திக்கொள்.

அன்புடன்,
பெரியம்மா