மேசைப்பந்தில் முதல் அடி

மேசைப்பந்தின் எடை 2.7 கிராம். வலையைத் தாண்டியபின் அது விழ வேண்டிய பரப்பின் நீளமோ 137 சென்டிமீட்டரே. ஆதலின், வலிமையினும் கட்டுப்பாடே முதன்மையானது.

முன்கை அடி பயிலும் வலக்கையர், இடக்காலை முன்வைத்து முழங்கால்களைச் சற்று மடக்கி நிற்றல் வேண்டும். மட்டையை இறுகப் பற்றலாகாது. பந்து எழுந்து உச்சியை அடைகையில், மட்டையைச் சிறிது கவிழ்த்து, இடுப்பைத் திருப்பி, கையை நெற்றி நோக்கி உயர்த்துக. மட்டை உராய்வதால் பந்து முன்னோக்கிச் சுழலும்; அச்சுழற்சியே அதனை மேசைக்குள் இறக்கும்.

தந்தையிடம் பயின்ற சென்னை வீரர் சரத் கமல், 2004 இல் நம் கோலாலம்பூரில் காமன்வெல்த் வாகையர் ஆனார். 2022 இல், நாற்பதாம் வயதிலும், காமன்வெல்த் விளையாட்டுகளில் ஒற்றையர் தங்கம் வென்றார். நாள்தோறும் மெதுவாக அடித்துப் பழகுக. விரைவு தானே வரும்.