வளையம் வந்த வழி

தமிழகத்துப் பெண்கள் பள்ளியில் பயின்ற உங்கள் அன்னையையோ அத்தையையோ, "பள்ளியில் என்ன ஆடினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "டென்னிகாய்ட்" என்னும் விடை பெரும்பாலும் கிடைக்கும். வலைக்கு மேலாக ரப்பர் வளையத்தை எறிந்து, ஒற்றைக் கையால் பிடிக்கும் அந்த ஆட்டத்தைத் தமிழில் வளையப்பந்து என்கிறோம். "அது பெண்பிள்ளைகள் ஆட்டம்தானே?" என்று இளைஞர் சிலர் நகைப்பதுண்டு. அதன் முன்னோர் யாரென அறிந்தால் அவர்கள் நகைக்க மாட்டார்கள்.

பெயரிலேயே பிறப்பு மறைந்திருக்கிறது. டென்னிஸ் என்பதன் தலையும் 'குவாய்ட்' என்பதும் சேர்ந்ததே டென்னிகாய்ட். குவாய்ட் என்பது எறிவளையம். இங்கிலாந்து மதுக்கடைகளின் கொல்லைப்புறத்தில் பன்னெடுங்காலமாக நடந்துவரும் ஆட்டம் அது.

மதுக்கடைக் கொல்லையில்

களிமண் நிரப்பிய ஒரு குழி. அதன் நடுவே ஓர் இரும்பு முளை. வட இங்கிலாந்து முறைப்படி 11 கஜத் தொலைவில் நின்று வளையத்தை எறிய வேண்டும். வளையமும் இரும்புதான், எடை ஏறத்தாழ 2½ கிலோ. முளையில் மாட்டினால் முழுவெற்றி. மாட்டாவிட்டால் முளைக்கு அருகில் விழுந்த வளையத்துக்கே மதிப்பு. சுரங்கத்திலும் இரும்பாலையிலும் உழைத்துக் களைத்தவர்கள் மாலையில் ஆடிய ஆட்டம் அது.

அரசர்களுக்கு இது பிடிக்கவில்லை. படைக்கு வில்லாளிகள் வேண்டுமே! 1388இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்துச் சட்டம், ஊழியரும் உழைப்பாளரும் எறிவளையத்தையும் பந்தாட்டத்தையும் விட்டொழித்து, ஓய்வு நாள்களில் வில் பயில வேண்டும் என்று ஆணையிட்டது. என்ன பயன்? வில் போர்க்களத்திலிருந்து மறைந்தது, வளையம் மறையவில்லை. 1881இல் வட இங்கிலாந்து ஆட்டத்துக்கு விதிகளும் அச்சாயின. யார்க்ஷயர் சிற்றூர்கள் சிலவற்றில் இன்றும் இரும்பு வளையத்தின் ஓசை கேட்கிறது.

கப்பல் தளத்தில்

ஆங்கிலேயர் கடல் கடந்தபோது ஆட்டமும் கப்பலேறியது. மரத்தளத்தில் இரும்பை எறியலாமா? தளம் உடையுமே! ஆகவே கயிற்றால் வளையம் முறுக்கினார்கள். பின்னர் நடுவே வலை கட்டி, இருபுறமும் நின்று, எறிந்தும் பிடித்தும் ஆடினார்கள். முளைக்கு எறிந்த வளையம் மனிதர் கைக்கு எறியும் வளையமாயிற்று. மும்பைத் துறைமுகத்துக்கு வந்த பயணக் கப்பல்களிலும் இத்தகைய தள ஆட்டங்கள் இருந்தன. 1920களில் செருமனியின் கார்ல்சுரூ நகரில் எர்மன் சுனைடர் என்னும் கட்டட அதிகாரி இதனைக் கரையில் பரப்பினார். கயிறு போய் ரப்பர் வந்தது.

மகளிர் கையில்

தமிழ்நாட்டில் இவ்வாட்டம் பெண்கள் பள்ளிகளில் வேரூன்றியது. ஏன்? என் கருத்து இது: கழங்கும் அம்மானையும் பந்தும் ஆடிய தமிழ்ப் பெண்களுக்கு, எறிவதும் ஏந்துவதும் பழகிய கைத்தொழில். மேலும் இதன் விதி நுட்பமானது. எறியும் வளையம் முதலில் மேல்நோக்கி எழ வேண்டும். மேலிருந்து கீழே ஓங்கி அடிப்பது தவறு. பிடித்த வளையத்தை வைத்துக்கொண்டு தயங்கவும் கூடாது. ஆகவே தோள்வலி மட்டும் வெற்றி தராது. விரைந்த கண்ணும் ஓயாத காலும் வேண்டும்.

மதுக்கடைக் கொல்லையில் ஆடவர் ஆடிய ஆட்டத்தின் வழித்தோன்றல், வெளியில் ஓடியாடக் கூச்சப்பட்ட நம் பெண்களைத் திடலுக்கு அழைத்து வந்தது. வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று. 2006இல் இவ்வாட்டத்தின் முதல் உலகப் போட்டி சென்னையில் நடைபெற்றது என்பதையும் நினைவிற் கொள்க.

நமக்கு என்ன?

டிராம்பேயில் குன்றுக்கும் கடற்கழிக்கும் இடையே வாழ்கிறோம். பரந்த திடல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வாய்த்த திடலையும் கிரிக்கெட் மட்டை பிடித்துக்கொள்கிறது. மாணவியர் ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள். வளையப்பந்துக்கு ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 5½ மீட்டர் அகலமும் போதும். ஒரு வலை, ஒரு வளையம், செலவு சிறிது. ஆணும் பெண்ணும் இணைந்தாடும் கலப்பு இரட்டையர் ஆட்டமும் இதில் உண்டு.

நம் சங்கத்தின் அடுத்த விளையாட்டு விழாவில் இதற்கும் ஓர் இடம் தருவோமா? அரசாணையையும் அலைகடலையும் தாண்டி வந்த வளையம், நம் விடுதி முற்றத்தை அடைவதற்கு நாம் கை நீட்டினால் போதும்.