கராஜா, கல்லூரியா?

கேள்வி: சாதாரண தரம் எழுதிய மகன் மோட்டார் மெக்கானிக் ஆகணும் என்கிறான். எங்கே சேர்ப்பது?
– ஒரு உம்மா, கல்முனை

பதில்: அவன் விருப்பத்தைத் தடுக்காதீர்கள், சகோதரி. கைத்தொழில் கௌரவமான ரிஸ்க் (வாழ்வாதாரம்).

கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முதலில், அந்தப் பாடநெறி என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தருமா என்று கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிலையம் பதிவானதா என்றும் பாருங்கள். என்.வி.கியூவில் 7 மட்டங்கள் உள்ளன: 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். இன்று ஸ்பானர் பிடிப்பவன் நாளை பட்டதாரியாகவும் வழி உண்டு.

பக்கத்திலேயே சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் விசாரியுங்கள். தூரம் போக முடிந்தால், மொரட்டுவையில் இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் உண்டு.

சேர்க்குமுன் மகனோடு வேர்க்‌ஷாப்புக்குள் போங்கள். பிள்ளைகள் தாங்களே இன்ஜினைக் கழற்றிப் பூட்டுகிறார்களா? ஹைப்ரிட் வாகனமும் ஸ்கேனரும் உண்டா? எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள்? இறுதியில் கராஜில் பயிற்சி தருவார்களா?

ஏற்கெனவே கராஜில் வேலை பழகியவர்களும் முன்னனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டில் தேறி அதே சான்றிதழைப் பெறலாம். வெளிநாடு போக நினைத்தால் அந்தத் தாள் பெரிதும் உதவும்.