இரண்டு பதிப்புக்கு நடுவே என்ன நடந்தது?

இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்

நம் லேப் மெஷின் எதைத் திறந்தாலும் 'பில்', 'பில்_புதுசு', 'பில்_கடைசி', 'பில்_கடைசி_இதுதான்' என்று நாலைந்து ஃபைல் கிடக்கும். எதிலிருந்து எது, எந்த வரியில் மாறியது என்று கேட்டால் எழுதினவனுக்கே தெரியாது.

இதற்குப் பதில் சொல்லும் புரோகிராம் என் அப்பா பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. பெல் லேப்ஸில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய 'டிஃப்', 1974-ல் யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட்டில் அதே வேலையை 'கிட் டிஃப்' என்ற கட்டளை செய்கிறது.

டிஃப் அர்த்தம் புரிந்து படிப்பதில்லை. இரண்டு ஃபைலிலும் ஒரே வரிசையில் பொதுவாக வரும் வரிகளை முடிந்தவரை நிறையப் பொருத்திப் பார்க்கும். பழையதில் மட்டும் மிஞ்சிய வரிக்குக் கழித்தல் குறி, புதியதில் மட்டும் இருக்கும் வரிக்குக் கூட்டல் குறி. அவ்வளவுதான். ஓர் எழுத்து மாறினாலும் முழு வரியும் போய், முழு வரியும் வந்ததாகவே காட்டும்.

நாங்கள் மூன்று பேர் மின் கட்டண பில் புராஜெக்ட் செய்தோம். 100 யூனிட் வரை கட்டணம் இல்லை என்பது அதில் விதி. ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்னால், சரியாக 100 யூனிட் கொடுத்தால் பணம் கேட்டது. "சத்தியமா நான் தொடவே இல்ல" என்று ஆளாளுக்குச் சொன்னோம். 100-ஐத் தாண்டிவிடுமோ என்று மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஃபேனை நிறுத்துகிற வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்க வந்தவன் நான். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

'கிட் டிஃப் ஹெட்~3 ஹெட்' என்று அடித்தோம். மூன்று கமிட்டுக்கு முந்தைய நிலை முதலில், இப்போதைய நிலை பிறகு. இடம் மாற்றிப் போட்டால் குறிகளும் தலைகீழாகிவிடும். பக்கம் பக்கமாக ஓடியது! யாரோ டேபை எல்லாம் ஸ்பேஸாக மாற்றியிருந்தார்கள். இடைவெளியைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லும் '-டபிள்யூ'வைச் சேர்த்ததும் மிஞ்சியது ஒரே இடம்:

@@ -41,7 +41,7 @@
- இஃப் (யூனிட் <= 100)
+ இஃப் (யூனிட் < 100)

41-ம் வரியில் தொடங்கி 7 வரி என்று தலைப்பு சொல்கிறது. மேலே 3, கீழே 3 வரி அடையாளத்துக்காக வரும் (இங்கே விட்டுவிட்டேன்). ஆக, மாறியது 44-ம் வரி. ஒரு சமக்குறி காணாமல் போயிருந்தது. சண்டையும் அத்தோடு நின்றது. ஆனால் பைத்தானில் '-டபிள்யூ'வை நம்பிவிடாதீர்கள். அங்கே வரியின் முன்னால் உள்ள இடைவெளியே புரோகிராமின் பொருளை மாற்றிவிடும்.

ஜூனியர்கள் பயந்துபோவது வேறொரு இடத்தில். 'கிட் ஆட்' கொடுத்த பிறகு 'கிட் டிஃப்' அடித்தால் திரை காலியாக இருக்கும். எழுதியது எதுவும் அழியவில்லை. வெறும் 'கிட் டிஃப்' நம் ஃபோல்டரை ஆட் செய்துவைத்த நிலையோடுதான் ஒப்பிடும். இப்போது இரண்டும் ஒன்றுதானே! ஆட் செய்ததைக் கடைசிக் கமிட்டோடு ஒப்பிட '--ஸ்டேஜ்டு' சேர்க்க வேண்டும். ஃபோல்டரையே கடைசிக் கமிட்டோடு ஒப்பிட 'கிட் டிஃப் ஹெட்'. நாங்கள் இப்போது கமிட் கொடுப்பதற்கு முன் '--ஸ்டேஜ்டு' போட்டு, மூவரும் ஒரே திரையில் படித்துவிட்டுத்தான் என்டர் தட்டுகிறோம்.