பாடம் 4: இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிரஜாவுரிமை

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து இறுப்பிட்டிக்கும் புங்குடுதீவின் மற்றக் கிராமங்களுக்கும் திரும்பும் பெற்றோர் பலர் எம்மிடம் கேட்கும் முதற் கேள்வி இது: “எங்கட பிள்ளைகள் பிரஜாவுரிமைக்கு ஏதும் சோதினை எழுத வேணுமோ?”

கனடாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள உறவினர்கள் அப்படி எழுதியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கனடாவில் 18 முதல் 54 வயது வரையானோருக்கு 20 கேள்விகள். 15க்குச் சரியான விடை வேண்டும். பிரித்தானியாவில் 24 கேள்விகள். அவை வேறு நாட்டவராகப் பிறந்து அங்கு குடியேறியவர்களுக்கானவை. உங்கள் பிள்ளை அப்படியல்ல. வம்சாவளியாக இலங்கைப் பிரஜையாகும் உரிமை உடையவர். எனவே சோதினை இல்லை. ஆனால் பதிவு உண்டு. பதிவுக்கு ஆவணங்கள் வேண்டும்.

சட்டம் கூறுவது

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவு, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளை பிறந்தபோது பெற்றோர் இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். முன்பு தகப்பன் வழியே முக்கியமாகக் கொள்ளப்பட்டது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தாய் வழியாகவும் உரிமை செல்லும். பிறப்பை ஓராண்டுக்குள் பதிய வேண்டும். தவறியிருந்தால், தக்க காரணம் காட்டி மேலதிக காலம் பெறச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே பிள்ளைக்குப் பத்து வயதாகிவிட்டதே என்று பின்நிற்க வேண்டாம்.

ஏன் தாமதிக்கக் கூடாது?

இந்தியாவில் பிறந்ததால் பிள்ளை இந்தியப் பிரஜை ஆகிவிடுவதில்லை. 1987 ஜூலை 1க்குப் பின் அங்கு பிறந்தவர், பெற்றோர் இருவருமே இந்தியரல்லாதவராயின், பிறப்பால் இந்தியப் பிரஜையல்லர். இங்கும் பதியாவிட்டால் எந்த நாட்டு ஆவணமும் இல்லாமல் பிள்ளை வளரும். தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வாக்குரிமை, அரசாங்க வேலை எல்லாம் அங்கேயே தடைப்படும். இதன் தாக்கம் பெரும்பாலும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கப்படும்போதுதான் வீட்டில் தெரியவரும்.

ஆயத்தமாகும் முறை

1. இந்தியாவில் இருப்போர், புறப்படும் முன்னரே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பெற்று, சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள். இங்கு வந்தபின் அந்தச் சான்றிதழை எடுப்பது கடினம்.

2. ஏற்கனவே திரும்பியோர், இறுப்பிட்டி கிராம உத்தியோகத்தரிடமும் வேலணைப் பிரதேச செயலகத்திலும் ஆலோசனை கேளுங்கள். விண்ணப்பம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திற்கு உரியது.

3. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, பயண ஆவணங்கள், அகதிப் பதிவு ஆகியவற்றை ஒரே கோவையில் வையுங்கள். மூலப்பிரதியைக் கொடுக்க நேர்ந்தால், போட்டோப் பிரதியொன்றை எடுத்து வைத்த பின்னரே கொடுங்கள்.

4. இடம்பெயர்வில் உங்கள் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்புப் பதியப்பட்ட பிரிவின் பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். பதிவேடே இல்லையென்றால் அடுத்த வழி என்ன என்பதையும் அங்கேயே கேட்டறியுங்கள்.

5. கோயிலில் தாலி கட்டி, விவாகப் பதிவு செய்யாதிருந்தால் அதை மறைக்காமல் கூறுங்கள். பிழையான தகவல் பின்னர் பிள்ளையின் பதிவையே பாதிக்கும்.

பயிற்சி

இன்றிரவு குடும்பமாக இருந்து, ஒரு தாளில் மூன்று நிரல்கள் கீறுங்கள். முதலாவதில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த திகதி ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டாவதில் அவை இந்தியச் சான்றிதழில் உள்ளபடியும், மூன்றாவதில் இலங்கை ஆவணங்களில் உள்ளபடியும் எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

அங்கு முதலெழுத்து மட்டும், இங்கு தகப்பனின் முழுப்பெயர். ஓரிடத்தில் ஓர் எழுத்துக் கூட, மற்றதில் குறைய. இத்தகைய வேறுபாடு எதுவாயினும் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். அந்தத் தாளை அலுவலகத்திற்குக் கொண்டு சென்று, சத்தியக் கடதாசி போதுமா, சான்றிதழைத் திருத்த வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டில் கண்டுபிடிக்கும் பிழை, உங்களுக்குப் பல பஸ் பயணங்களை மிச்சப்படுத்தும்.

பதிவுச் சான்றிதழ் கையில் கிடைத்ததும் பெயர்களையும் திகதியையும் அங்கேயே வாசித்துச் சரிபாருங்கள். பதினைந்து வயது நிறைந்த பிள்ளைக்கு அடுத்த வேலை, தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது.