பழைய ஜிப்சிக்குப் புது ஷாக்

கண்ணா, நீ ஜிப்சி வாங்கிவிட்டாய் என்று உன் அப்பா சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1985-ல் மாருதி அந்த வண்டியை இறக்கியது முதல் அதன் அடியில் படுத்தே என் காலம் போனது. மலைப்பாதைக்கு எந்த ஷாக் அப்சார்பர் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். கம்பெனிப் பெயர் ஒன்றைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது உனக்கு உதவாது. நான் தப்புப் பண்ணிக் கற்றதைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

1. கடைக்குப் போகும் முன் வண்டிக்கு அடியில் போ. ஜிப்சிக்கு முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங்தான். பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் வண்டி தூக்கித்தான் போடும். ஷேக்கிள் புஷ் தேய்ந்திருக்கிறதா, யு-போல்ட் தளர்ந்திருக்கிறதா, டயரில் காற்று எவ்வளவு என்று முதலில் பார். ஒரு பையன் வண்டி உதறுகிறது என்று வந்தான். நான் எதையும் பார்க்காமல் நாலு ஷாக்கையும் மாற்றிக் காசு வாங்கிவிட்டேன். மறுநாளே திரும்பி வந்தான். டயரில் நாற்பது பவுண்டு காற்று இருந்தது. அதை இறக்கியதும் வண்டி அடங்கிவிட்டது. அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

2. எது எந்த வேலை செய்கிறது என்று தெரிந்துகொள். வண்டியின் எடையைத் தாங்குவது பட்டை. அந்தப் பட்டை ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். உள்ளே இருக்கிற எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது ஆட்டம் சூடாக மாறி வெளியேறுகிறது. ஷாக்கைச் சொகுசுக்கான பொருள் என்று எண்ணாதே. டயர் மண்ணை விடாமல் பிடித்திருந்தால்தான் பிரேக்கும் ஸ்டியரிங்கும் உன் பேச்சைக் கேட்கும்.

3. உன் வண்டியின் எடையை உண்மையாகச் சொல். ஜிப்சி ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள வண்டி. அதில் அன்றாடம் நீ ஒருவன் போகிறாயா, ஐந்து பேரும் கூடாரமும் தண்ணீர்க் கேனும் போகிறதா? வருடத்துக்கு ஒருநாள் ஏற்றும் பாரத்துக்காக ஷாக் வாங்காதே. இளவயதில் எனக்கு இறுக்கமான ஷாக் என்றால் வீரம் என்று நினைப்பு. கனமான வண்டிக்கு உரிய ஷாக்கை என் ஜிப்சியில் மாட்டிக்கொண்டு, உன் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு கொழுக்குமலைக்குப் போனேன். சூரியநெல்லிப் பக்கம் இறங்கும்போது பின்சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளியது. ஒரு வளைவில் பின்பக்கம் அப்படியே பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. அவள் முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல் முட்டியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. வீடு வரும்வரை பேசவில்லை. அதன்பிறகு மூன்று வருடம் அந்த வண்டியில் அவள் ஏறவும் இல்லை.

4. அளக்காமல் வாங்காதே. ஷாக் முழுக்க நீண்டால் எவ்வளவு, முழுக்க அமுங்கினால் எவ்வளவு, இந்த இரண்டு அளவும் உன் கையில் இருக்க வேண்டும். வண்டி அடியோடு அமுங்கும்போது பம்ப் ஸ்டாப் ரப்பர்தான் முதலில் அடி வாங்க வேண்டும். ஷாக் அந்த அடியை வாங்கக் கூடாது. ரப்பரில் சாக்பீஸைக் குழைத்துப் பூசிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வா. பூச்சு கலைந்திருந்தால் அது எத்தனை தடவை இடித்தது என்பது தெரியாவிட்டாலும், இடித்தது என்பது தெரிந்துவிடும். பிறகு சேஸிஸை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸைப் பார். இரண்டு அங்குலம் உயர்த்தி நீள ஷாக் போட்டுக் கொடுத்த ஒரு வண்டியில் நான் ஹோஸைப் பார்க்க மறந்தேன். ஒரு குழியில் சக்கரம் தொங்கியபோது ஹோஸ் இழுபட்டுக் கிழிந்தது. ஏற்றத்தில் நடந்ததால் உயிர் தப்பியது. இறக்கமாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத எனக்குக் கை வந்திருக்காது.

5. மாட்டும்போது அவசரப்படாதே. இரட்டைக் குழாய் ஷாக் கடையில் படுத்தே கிடந்திருக்கும். அதை நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு தடவை இழுத்து அமுக்கி, உள்ளே நுழைந்த காற்றை விலக்கு. ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே, ஜோடியாக மாற்று. புஷ் போல்ட்டின் கடைசி முறுக்கை வண்டி நாலு காலில் தரையில் நிற்கும்போது கொடு. தொங்கலில் முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

6. திருகி மாற்றக்கூடிய ஷாக் வாங்கினால் ஒரு நோட்டும் வாங்கு. முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எழுது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அதே பாதையில், அதே வேகத்தில், அதே காற்றோடு ஓட்டிப் பார். கல்லைத் தாண்டியதும் வண்டி மேலே எகிறுகிறதா? எழும்பும் பக்கத்தை, அதாவது ஷாக் நீளும்போது தடுக்கும் பக்கத்தை, ஒரு கிளிக் இறுக்கு. வரிசையாகக் குழி வரும்போது வண்டி போகப்போகத் தாழ்ந்து இறுகுகிறதா? ஒரு குழியிலிருந்து எழுவதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது என்று பொருள். எழும்பும் பக்கத்தைத் தளர்த்து. சின்னக் கல்லெல்லாம் முதுகில் குத்தினால் அமுங்கும் பக்கம் இறுக்கம். நானும் ஒரு காலத்தில் மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு, எது பலித்தது என்று தெரியாமல் ஒரு வாரம் வீணடித்திருக்கிறேன். சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுது. காசு கொடுத்து வாங்கிய பொருளைக் குறை சொல்ல மனம் வராது. அந்த மனசோடுதான் உனக்குப் பெரிய சண்டை இருக்கும்.

7. ஓட்டி நிறுத்தியதும் புறங்கையால் நாலு ஷாக்கையும் லேசாகத் தொட்டுப் பார். வரிவரியான மண்பாதையில் பத்து கிலோமீட்டர் வந்தபின் மூன்று சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் இருந்தால், அந்த ஒன்று வேலை செய்யவில்லை. நாலுமே கை வைக்க முடியாத சூடு என்றால் கொஞ்ச நேரம் நிறுத்து. எண்ணெய் நுரைத்துவிட்டால் ஷாக்குக்குப் பிடிப்பு இருக்காது. ஆறினால் பெரும்பாலும் திரும்பும். மேலே எண்ணெய் ஈரம் கசிந்து புழுதி ஒட்டியிருப்பது பெரிய குற்றமில்லை. சொட்டினால் மாற்று.

8. கொழுக்குமலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்து போ. கல்லின் மேல் ஏறும்போது அவர்கள் பிரேக் பிடிப்பதில்லை. கல்லுக்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிட்டு, சக்கரத்தை உருளவிடுகிறார்கள். அவர்கள் வண்டியில் இருப்பது சாதாரண ஷாக்தான்.

பொங்கலுக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வா, இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். மற்றதெல்லாம் மெல்லச் செய்யலாம். பிரேக் ஹோஸை மட்டும் இன்று சாயங்காலமே பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.